ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதற்கா எம்.டி.?

"ஊசியைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வேலைக்கா என் பெண் எம்.டி. படிக்க வேண்டும்?" என்று மயக்க மருந்து (அனஸ்தீசியா) படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோபப்படாதீர்கள் அம்மா, அந்த ஸ்டூலைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

போன வருடம் பித்தப்பைக்கு உங்களுக்கே லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், செய்தார்கள் அல்லவா? வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை, பெரும்பாலும் 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு ஏற்றி உப்ப வைத்தால்தான் கேமராவுக்கு இடம் கிடைக்கும். சர்ஜனுக்கு வசதி. ஆனால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும், தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் தயங்கும், போதாக்குறைக்கு அந்த வாயு ரத்தத்தில் கலந்து மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கும். மண்டை ஓடு வயிறு மாதிரி உப்பாது, உள்ளே அழுத்தம்தான் ஏறும். கர்ப்பப்பை ஆபரேஷன் என்றால் தலையைத் தாழ்த்தி வேறு படுக்க வைப்பார்கள். நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். மூளையில் கட்டி உள்ளவருக்கு ஆபத்து.

எந்த மயக்க மருந்து என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புரொபோஃபால் மூளை அழுத்தத்தை இறக்கும், கூடவே பி.பி.யையும் இறக்கும், அது ரொம்ப இறங்கினால் மூளைக்கே ரத்தம் போதாது. மூச்சு வழியாகக் கொடுக்கும் செவோஃப்ளூரேன் அளவு கூடினால் மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கும். தூங்க வைக்கும் மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் நாடித்துடிப்பைக் குறைக்கும். அந்த ஸ்டூலில் இருப்பவர் இதையெல்லாம் கணக்குப் போட்டபடி, வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைத் திரையில் பார்த்து வென்டிலேட்டரைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். மூடிய இமை மேல் அல்ட்ராசவுண்ட் வைத்து, விழிக்கு 3 மி.மீ. பின்னால் கண் நரம்பின் உறையை அளப்பவர்களும் உண்டு. உறை தடித்தால் மூளை அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகப்படலாம்.

சரி, படிப்பு. மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. எழுதி எம்.டி. 3 வருடம். மூளைப் பக்கம் ஆர்வம் இருந்தால் அப்புறம் எம்.டி.க்கும் மேலான டி.எம். படிப்பில் நியூரோ அனஸ்தீசியா (மூளை, நரம்பு ஆபரேஷனுக்கான மயக்க மருத்துவம்), இன்னும் 3 வருடம். பெங்களூரு நிம்ஹான்ஸில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் எல்லாம் இருக்கிறது, சீட் கொஞ்சம்தான். குறையையும் சொல்லிவிடுகிறேன்: நடுராத்திரி போன் வரும், பேர் கிடைக்காது. உங்களுக்கு மயக்கம் கொடுத்தவர் பெயர் நினைவிருக்கிறதா?

ஹவுஸ் சர்ஜன் போஸ்டிங்கில் ஒரு வாரம் அவளை நோயாளியின் தலைமாட்டில் நிற்கச் சொல்லுங்கள். மூன்று மணி நேர கேஸில் போர் அடித்ததா என்று மட்டும் கேளுங்கள். அடித்தது என்றால் வேறு துறை பார்ப்போம்.