கல்லூரியில் ஆட்டிசம் உள்ள மாணவருக்கு ஆசிரியராக நான் என்ன செய்யலாம்?

முதலாமாண்டு வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவர் ஒருவர் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, அவருடைய அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார், எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் 14 ஆண்டுகளாக இயற்பியல் எடுக்கிறேன். சிறப்புக் கல்வி படித்தவள் இல்லை. ஆட்டிசம் உள்ள ஒரு மாணவனோடு மூன்று ஆண்டுகள் இருந்து கற்றதைத்தான் சொல்ல முடியும்.

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். அவனுடைய முதல் செமஸ்டரில் ஒரு இன்டர்னல் தேர்வு. அன்று காலை ஏதோ கூட்டத்துக்காக எங்கள் அறை வேண்டும் என்றார்கள். தேர்வை மாடிக்கு மாற்றினோம். வராண்டாவில் நின்று ஒரே ஒரு முறை சத்தமாகச் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கும்பலாக ஏறிப் போனார்கள். அவன் வரவில்லை. பட்டியலில் ஆப்சென்ட் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். "மேடம், அவன் லீவு போடல. பூட்டின ரூம் வாசல்லயே பெல் அடிக்கிற வரைக்கும் நின்னுட்டு இருந்திருக்கான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே இதைப் பல பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது. அட்டவணையில் அந்த அறை எண்தான் இருந்தது. அவன் அதை நம்பினான். மாறியதை அவனுக்குப் புரியும்படி நான் சொல்லவில்லை. மறுதேர்வு வைத்தேன், 50க்கு 46 எடுத்தான்.

அதன் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவனைத் திணறடித்தது பாடம் இல்லை. நாம் சொல்லாமல் விடுவதும், கடைசி நிமிடத்தில் மாற்றுவதும்தான். கல்லூரி என்பது பாதி இப்படித்தான் ஓடுகிறது. ரெக்கார்டு நோட்டை எப்போது வைக்க வேண்டும், எந்த ஆசிரியர் அறைக்குள் கேட்காமல் போகலாம், "அப்புறம் வா" என்றால் எத்தனை மணிக்கு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. மற்ற பிள்ளைகள் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். பள்ளியிலாவது ஒரே அறை, ஒரே வகுப்பாசிரியர். இங்கே மணிக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு வழக்கம்.

அதனால் நான் செய்த முதல் வேலை மிகச் சிறியது. ஞாயிற்றுக்கிழமை இரவில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அடுத்த வாரத்தை எழுதிப் போட ஆரம்பித்தேன். எந்த நாள் எந்த அறை, எந்தப் பரிசோதனை, எதை எந்த நாளுக்குள் தர வேண்டும், யார் விடுப்பு. நடுவில் ஏதாவது மாறினால் 'மாற்றம்' என்று தலைப்பிட்டுத் தனிச் செய்தி. அவனுக்காகத் தொடங்கியது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் மொத்த வகுப்பும் அதை எதிர்பார்க்க ஆரம்பித்தது. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தேவையாக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது வைவா, அதாவது செய்முறைத் தேர்வில் வரும் வாய்மொழிக் கேள்விகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படித்த பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான். லென்ஸைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஒளி வளையங்களை அளக்கும் நியூட்டன் வளையப் பரிசோதனை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். இருட்டறை, சத்தம் கிடையாது, சோடியம் விளக்கு மெல்ல மஞ்சளாக ஏறி வருவதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டே நிற்பான். அளவீடுகள் அச்சுப் போல இருக்கும். ஆனால் மாதிரித் தேர்வில் நான் "நியூட்டன் ரிங்ஸ் பத்தி ஏதாவது சொல்லுப்பா" என்றதும் வாயடைத்துப் போனான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். 'ஏதாவது' என்றால் எது? வரலாறா, சூத்திரமா, கருவியா? பிறகு கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "நடு வளையம் ஏன் கருப்பா இருக்கு?" சட்டென்று பதில் வந்தது. கீழே உள்ள கண்ணாடித் தட்டில் பட்டுத் திரும்பும் ஒளி அலையின் கட்டம் பை (π) அளவு மாறுகிறது, அது அரை அலைநீளப் பாதை வேறுபாட்டுக்குச் சமம், லென்ஸும் தட்டும் தொடும் இடத்தில் காற்றுப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய பூஜ்யம், ஆகவே இரண்டு கதிர்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று கண்ணை மேசையில் வைத்தபடியே சொல்லி முடித்தான். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருப்பேன்.

செமஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளரிடம், அவன் சம்மதத்தோடு, முன்கூட்டியே பேசினேன். கேள்வி குறிப்பாக இருக்கட்டும், ஒரு கேள்வி முடிந்தபின் அடுத்தது, முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான். பாடத்தில் ஒரு வரியும் குறைக்கவில்லை. சலுகை என்று சிலர் இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கண்ணாடி போட்ட பிள்ளையை யாரும் சலுகை வாங்கியவன் என்று சொல்வதில்லையே.

சத்தம், வெளிச்சம் விஷயத்தை உங்கள் மாணவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். என் மாணவனுக்கு மினுக்கும் ட்யூப்லைட்டும் கல்ச்சுரல்ஸ் நாளின் ஒலிபெருக்கியும் தாங்காது. அவன் கேட்காமலே வகுப்பை விட்டு வெளியே போய், பத்து நிமிடம் நூலக வராண்டாவில் இருந்துவிட்டு வரலாம் என்று துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு அட்டை கொடுத்தோம். மூன்று ஆண்டில் ஏழெட்டு முறைதான் பயன்படுத்தினான். அட்டை பையில் இருக்கிறது என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. எப்போதாவது பேச்சு நின்று உறைந்துபோய் உட்கார்ந்திருப்பான். அதை அடம் என்று நினைத்து மேலும் மேலும் கேள்வி கேட்காதீர்கள். சும்மா விடுங்கள், திரும்பி வருவார்கள்.

குழு வேலையில் "நீங்களே பிரிச்சுக்கோங்க" என்று விட்டுவிடாமல், யாருக்கு எந்தப் பகுதி என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நட்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். டேமியன் மில்டன் என்ற, தானும் ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவது போலவே நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறோம், குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்பது அவர் வாதம். 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழு ஒரு கதையை எட்டுப் பேர் வரிசையில் ஒருவர் மற்றவரிடம் சொல்ல வைத்துப் பார்த்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை மற்றவர்கள் வரிசையில் போனதைப் போலவே நன்றாகப் போனது. இரு தரப்பும் கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. பின்னால் நடந்த பெரிய ஆய்வில் கலந்த வரிசையிலும் அந்த இழப்பு தெரியவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் தகவல் சொல்வதில் குறைந்தவர்கள் இல்லை என்பது மட்டும் இரண்டிலும் மாறவில்லை. என் மாணவனுக்குக் கணிதத் துறையில் ஒரு நண்பன் கிடைத்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இருவரும் மாவட்டவாரியாக மழை அளவைக் குறித்து வைத்து மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த நட்பை நாங்கள் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. மதிய இடைவேளையில் காலியான ஆய்வகத்தைத் திறந்து வைத்தோம், அவ்வளவே.

இனி சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பட்டியலை 7 வகையிலிருந்து 21 ஆக்கியது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று பெற்றவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடமும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம், அதாவது 3 மணித் தேர்வுக்கு 1 மணி நேரம் தர வேண்டும். தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் உண்டு. 40க்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது என்று அலுவலகத்தில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுதுபவரை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதையொட்டி 2022இல் தனி வழிகாட்டுதலும் வந்தது.

சிலருக்குச் சான்றே இருக்காது. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் 'ரொம்ப அமைதியான பொண்ணு' என்ற பெயரோடு கண்டறியப்படாமலே கல்லூரி வரை வந்துவிடுகிறார்கள். வாரச் செய்திக்கும் தெளிவான கேள்விக்கும் சான்று தேவையில்லை என்பதால் அவற்றை எல்லோருக்கும் செய்துவிடுங்கள். இன்னொன்று, அம்மா உங்களிடம் சொன்னது உங்களிடமே இருக்கட்டும். யாரிடம் சொல்லலாம், எந்த வார்த்தையில் சொல்லலாம் என்று அந்த மாணவரையே கேளுங்கள். ஆட்டிசத்துக்குத் தமிழாக 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்று ஒரு படிவத்தில் பார்த்தபோது என் மாணவன் அதன் மேல் விரலை வைத்து, "மேம், நான் யோசிக்கிறேனே" என்றான். அதிலிருந்து ஆட்டிசம் என்ற சொல்லையே எழுதுகிறேன்.

மூன்று வாரம்தான் ஆகிறது என்பதால் ஒரு சனிக்கிழமை கூட்டம் இல்லாத நேரத்தில் அவரை ஆய்வகம், நூலகம், கேன்டீன், கழிப்பறை, தேர்வு அறை என்று ஒரு சுற்று கூட்டிப்போய்க் காட்டுங்கள், அரை மணி நேரம் போதும். கூடுதல் நேரமும் தேவைப்பட்டால் எழுதுபவரும் கேட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதத்தை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். எங்கள் கல்லூரியில் முதல் முறை அது நகர்ந்து முடிய இரண்டு மாதம் ஆனது.