16 போர் ரெட்டைக்குழல் துவக்கு பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: ஐயா, மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் வேளாண்மை. பன்றிக் காவலுக்கு 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று என் பெயரில் லைசன்ஸோடு இருக்கிறது. அதன் பூட்டு ஆடிப்போய்விட்டது, இனிச் சரிவராது. பக்கத்து ஊரில் ஒருவர் பழைய 16 போர் ரெட்டைக்குழல் ஒன்றைக் கொடுக்கப்போகிறார். 12 போருக்குக் கேட்கிற விலையில் பாதிதான் சொல்கிறார். பிரான்சில் இருக்கிற என் மச்சான் அங்கே வேட்டைக்குப் போகிறவர். "16 தான்டா துவக்கு, 12 எல்லாம் உலக்கை" என்று கிழமைக்கு ஒரு படம் அனுப்புகிறார். வாங்கலாமா?
– வெல்லாவெளி வாசகர்

பதில்: மச்சான் பொய் சொல்லவில்லை. அவர் நிற்கிற மண்ணில் அது சரியான பேச்சுத்தான். உங்கள் வாடிக்குள் கொண்டுவந்தால்தான் அது பிழையாகும்.

அவர் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பதினாறு சம உருண்டையாக உருட்டினால், அதில் ஒன்று குழலுக்குள் அச்சாக அடங்கும். அந்தக் குழல்தான் 16 போர். பன்னிரண்டாக உருட்டினால் 12 போர். அதனால்தான் இலக்கம் ஏற ஏறக் குழல் சிறுக்கிறது. 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீற்றர், 16 போருக்குச் சுமார் 16.8, 20 போருக்குச் சுமார் 15.6. பதினாறில் ஒரு பங்கு இறாத்தல் என்றால் ஒரு அவுன்ஸ், ஏறத்தாழ 28 கிராம். 16 போர்த் தோட்டாவில் வழக்கமாகப் போடுகிற சன்னத்தின் (சிறு ஈயக் குண்டுகளின்) நிறையும் அதே 28 கிராம்தான். சன்னத்தின் நிறையைப்போலத் தொண்ணூற்றாறு மடங்கு துவக்கின் நிறை இருந்தால் தோளில் உதை தாங்கும் என்று பழைய ஆங்கிலத் துவக்குத் தொழிலாளர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 28ஐ 96ஆல் பெருக்கிப் பாருங்கள், 2.7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைய வரும். நாள் முழுக்கக் காடு மேடெல்லாம் நடக்கிற ஒருவருக்கு அந்த நிறை சொர்க்கம். 20 போர் மாதிரித் தூக்கலாம், 12 போர் மாதிரி அடிக்கும் என்று அவர்கள் மெச்சுவது இதைத்தான்.

ரெட்டைக்குழல் மோகத்துக்கும் காரணம் உண்டு. பக்கத்துப் பக்கமாக இரண்டு குழல், ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு விசை. முன்விசை வலக்குழலை வெடிக்கவைக்கும், அதில் சன்னம் கொஞ்சம் விரிந்து போகும். பின்விசை இடக்குழலுக்கு. அதன் வாய் நெருக்கமானது, தூரத்துக்கு உதவும். எதை வெடிக்கவைப்பது என்பது விரல் முடிவெடுக்கிற காரியம். ஒரு பூட்டு மழைக்குள் மக்கர் பண்ணினாலும் மற்றது கைகொடுக்கும். மேல் கீழாகக் குழல் வைத்த துவக்கைவிடக் கொஞ்சமாக மடித்தாலே தோட்டா போடலாம். எல்லாம் உண்மை. 16 போர் ரெட்டைக்குழலைக் கையில் எடுத்துத் தோளுக்குக் கொண்டுபோனால் அது தானாகப் போய் உட்காரும். எனக்கும் அந்த ஆசை உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் விலை ஏன் பாதியாக இருக்கிறது என்று விற்கிறவரைக் கேட்டீர்களா? தோட்டாவுக்காகத்தான்.

என் பெரியப்பாவிடம் ஒரு 16 போர் ரெட்டைக்குழல் இருந்தது. படுவான்கரையில் அவருக்கு வயல். அந்தக் காலத்திலேயே, கடைக்குப் போனால் 12 போர்த் தோட்டாவை உடனே எடுத்து வைப்பார்கள், 16 என்றால் "வந்தால் சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். கிடைத்தபோது 25 கொண்ட ஒரு பெட்டியை வாங்கி, பிஸ்கட் ரின்னில் கரியும் போட்டு வைத்து, சங்கக்கடைச் சீனி மாதிரி எண்ணி எண்ணி எடுப்பார். அது கடதாசிக் கூடு வைத்த தோட்டா. மாரி பிடித்தால் கடதாசி ஊதிவிடும், அறைக்குள் இறங்காது. கடைசியாக மிஞ்சிய இரண்டில் ஒன்றை அவர் வெடித்த இரவு நானும் பரணில் இருந்தேன். இடி மாதிரி வரவேண்டிய சத்தம் "புஸ்" என்று வந்தது. பன்றி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் நெல்லைத் தின்னத் தொடங்கியது. பெரியப்பா குழல் வாயை வெளியே நீட்டியபடியே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மடித்து, கூட்டை எடுத்து எறிந்து, ரோர்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தார். சன்னத்துக்குப் பின்னால் இருக்கிற அடைப்பு பாதி வழியில் சிக்கியிருந்தது. அதைப் பார்க்காமல் மற்றத் தோட்டாவை அந்தக் குழலுக்குள் போட்டிருந்தால் குழல் வெடித்து இடக்கை போயிருக்கும். அன்றோடு அந்தத் துவக்கு மூலைக்குப் போனது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த பஞ்சம் இல்லை. அமெரிக்காவிலேயே 16 போர் சரிந்ததற்குத் தோட்டாவும் ஒரு காரணம். அங்கே ஸ்கீட் என்கிற தட்டுச் சுடும் போட்டி 12, 20, 28, 410 என்று நான்கு அளவுக்குத்தான் நடக்கும், 16க்கு இடமில்லை. பிறகு மூன்று அங்குல 20 போர்த் தோட்டா வந்து 16இன் வேலையையும் பிடித்துக்கொண்டது. கொம்பனிகள் செலவைக் குறைக்க 12 போரின் உடம்பிலேயே 16 போர்க் குழலைப் பூட்டி விற்றன. நிறை குறையாவிட்டால் பிறகு எதற்கு 16? துவக்கு விற்பனை குறைய தோட்டா விற்பனையும் குறைந்தது, தோட்டா குறைய துவக்கை யாரும் சீண்டவில்லை. ஐரோப்பாவில், அதுவும் பிரான்சிலும் ஜேர்மனியிலும், அது சாகவில்லை. மச்சான் கடைக்குள் போய்ப் பெட்டியாக வாங்கிக்கொண்டு வருவார். உங்களுக்கு இங்கே 12 போருக்கே அனுமதியில் எழுதின எண்ணிக்கைதான்.

ஆகவே, துவக்குக்கு முற்பணம் கொடுக்க முதல், உங்கள் லைசன்ஸுக்குத் தோட்டா கொடுக்கிற இடத்தில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருஷம் 16 போர் எத்தனை தோட்டா தருவீர்கள்?" "பார்ப்போம்" என்று பதில் வந்தால் அந்தத் துவக்கை மறந்துவிடுங்கள்.

"அதற்கு வழி இருக்கிறது" என்று சொல்ல இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் குழலை 12க்குக் கடைந்து தருவார். மற்றவர் வெறுங்கூட்டை நிரப்பித் தருவார். இரண்டும் வேண்டாம். 16 போர்க் குழலின் சுவர் அந்தக் கடைசலுக்குச் செய்ததில்லை. மருந்து நிரப்புகிற வேலை அனுமதி இல்லாதவருக்குக் குற்றம், அளவு பிழைத்தால் வாங்கியவர் முகத்தில்தான் வெடிக்கும்.

இன்னொன்று. உங்கள் லைசன்ஸ் உங்களுக்கும் அந்த ஒற்றைக்குழலுக்கும் கொடுத்தது. வேறு துவக்கை அதில் ஏற்றிக்கொண்டு வரமுடியாது. விற்கிறவரின் லைசன்ஸ் நடப்பு வருஷத்துக்குப் புதுப்பித்ததா, அதிலுள்ள இலக்கமும் துவக்கில் அடித்த இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு இருவருமாக மாவட்டச் செயலகத்துக்குப் போய் முன் அனுமதி எடுங்கள், அதற்குப் பிறகுதான் காசு. "காசைத் தந்துவிட்டு எடுத்துக்கொண்டு போ, எழுத்துவேலை பிறகு" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் நிற்கப்போவது நீங்கள், அவர் இல்லை.

என்னுடைய முடிவு: பொறுத்திருந்து 12 போர் ரெட்டைக்குழல் ஒன்று தேடுங்கள். மச்சான் சொல்கிற அழகில் முக்கால்வாசி அதிலும் இருக்கிறது. பன்றிக் காவலுக்கு நீங்கள் பரணில் குந்தியிருக்கப் போகிறவர், பத்து மைல் நடக்கப்போகிறவர் இல்லை. அரைக் கிலோ கூடினால் என்ன? யானை வந்தால் துவக்கைத் தொடவேண்டாம், யானை வெடிதான். யானைக்குச் சுட்டால் வழக்கு உங்களோடு முடியாது, வேளாண்மைக் காணியையும் விற்கவைக்கும்.

கேள்வி: பழைய 12 போர் ரெட்டைக்குழல் பார்க்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: பகலில் போங்கள். கையில் எடுத்ததும் மடித்து இரண்டு அறையும் வெறுமை என்று கண்ணால் பாருங்கள், விற்கிறவர் "ஒன்றுமில்லை" என்று சத்தியம் பண்ணினாலும்.

குழலைக் கழற்றி வானத்துப் பக்கம் பிடித்துப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாக, உடையாமல் ஓடவேண்டும். வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே நசுங்கல். புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் துரு தின்ற குழி. வாய்ப்பக்கத்தில் சின்னக் குழி பரவாயில்லை, தோட்டா அறைக்கு முன்னால் குழி இருந்தால் வேண்டவே வேண்டாம், அழுத்தம் முழுக்க அங்கேதான். பிறகு குழலை அதன் கொக்கியில் ஒரு விரலால் தூக்கித் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். கோயில் மணி மாதிரி இழுத்துக் கேட்டால் இரண்டு குழலையும் ஒட்டின ஈயம் சுகமாக இருக்கிறது. "டக்" என்று செத்துப்போனால் ஒட்டு விட்டிருக்கிறது.

முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை மட்டும் பூட்டி, காதோடு வைத்து ஆட்டுங்கள். கடகடவென்றால் குழலை உடம்போடு பிடிக்கிற பூட்டு தேய்ந்தது. பூட்டின பிறகு குழலின் பின்முகத்துக்கும் உடம்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தாலும் அதே நோய். வெல்லாவெளிக்காரரின் ஒற்றைக்குழலுக்கு வந்ததும் இதுதான்.

குழலின் வெளியே பன்பாய்ப் பின்னல் மாதிரிக் கோலம் தெரிகிறதா? பார்க்க வலு அழகு. இரும்பும் உருக்குமாகப் பட்டி முறுக்கி, தடியில் சுற்றி அடித்து ஒட்டின பழைய குழல் அது. பெரும்பாலும் கரிமருந்துக் காலத்துக்குச் செய்தது, இப்போதைய தோட்டாவைப் போட்டுப் பரிசோதிக்காதீர்கள். சுவரில் மாட்டக்கூட லைசன்ஸ் வேண்டும் என்பதால் அழகுக்கு வாங்குவதிலும் லாபமில்லை.

பிடிக்கட்டை உடம்போடு சேருகிற இடத்தில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கும், எண்ணெய் பூசி மறைத்திருப்பார்கள். பெருவிரலால் அழுத்தினால் கோட்டுக்குள் இருந்து எண்ணெய் கசியும்.

வீட்டிலோ வாடியிலோ 12 போரோடு 20 போர்த் தோட்டா இருக்கவே கூடாது. 20 போர்த் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய் முன்னால் சிக்கிவிடும், பின்னால் பார்த்தால் வெறும் அறை மாதிரித் தெரியும். அதற்குப் பின்னால் 12 போரைப் போட்டு வெடித்தால் குழலே வெடித்துவிடும். 20 போர்க் கூட்டுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே இந்த ஆபத்துக்காகத்தான்.

கேள்வி: துவக்குக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா? வாவிக் காற்றுக்கு ஒரு கிழமையில் துருப்பிடிக்கிறது.
– மண்டூர் வாசகி (கணவரின் துவக்கு, துடைப்பது நான்)

பதில்: வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும், பூட்டுக்குள் போனால் விசை ஒட்டும். தையல் மெசின் எண்ணெய் போதும், துணியில் இரண்டு துளி. உறைக்குள் போட்டு மூடி வைக்கவேண்டாம், உறைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. துடைப்பது நீங்கள் என்றீர்கள், லைசன்ஸ் அவர் பெயரில். அவரையே பக்கத்தில் இருத்தி அவர் கையாலேயே துடைக்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் நல்லது, உங்களுக்கும் ஒரு வேலை குறையும்.

கேள்வி: வெல்லாவெளிக்காரரின் மச்சான் நான்தான். உங்கள் பதிலை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். அவரை விடுங்கள். எனக்கு இங்கே சாந்-எத்தியன் நகரில் செய்த பழைய 16 ரெட்டைக்குழல் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. நானாவது வாங்கலாமா?
– பிரான்ஸ் வாசகர்

பதில்: வாங்குங்கள், பொறாமையோடு சொல்கிறேன். வேட்டை அனுமதி உங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தத் துவக்கு அங்கே ஆயுதச் சட்டத்தின் சி பிரிவில் வரும், 2022 முதல் வேட்டைக்காரர்களுக்குத் திறந்த இணையப் பதிவுக் கணக்கில் அது ஏறவேண்டும், கடைக்காரரிடமே கேட்டுச் செய்விக்கலாம்.

குழலின் அடியில் முத்திரைகளோடு 16-65 என்றோ 16-70 என்றோ அடித்திருக்கும். இரண்டாவது இலக்கம் தோட்டா அறையின் நீளம், மில்லிமீற்றரில். பழையதுகளில் 65 நிறைய. பொறி இங்கேதான்: 70 தோட்டா வாய் மடிந்திருக்கும்போது 65 அறைக்குள் சுகமாக இறங்கும், வெடித்து மடிப்பு விரியும்போதுதான் இடம் போதாமல் அழுத்தம் ஏறும். இறங்குகிறதே என்று நம்பவேண்டாம். 65 என்று எழுதிய பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

தாரா வேட்டைக்குக் குளக்கரைக்குப் போகிறவரா? 2023 பெப்ரவரி 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீற்றருக்குள்ளும் ஈயச் சன்னம் தடை. உருக்குச் சன்னத்தை அந்தப் பழைய மெல்லிய குழலில், முக்கியமாக வாய் நெருங்கின இடக்குழலில், போடாதீர்கள். பிஸ்மத் சன்னம் ஈயம் மாதிரி மென்மையானது, அது சரிவரும். ஆனால் அதன் ஒரு பெட்டி விலைக்கு உங்கள் மச்சான் ஆறு ஏக்கருக்குப் பசளை போட்டுவிடுவார்.