பார்த்திராத வீதியில் பந்தயம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, கல்லடிப் பாலத்திலிருந்து கல்முனை வரையான வீதியின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். அடுத்த மாதம் நான் பங்குபற்றவிருக்கும் சைக்கிளோட்டப் போட்டியோ, நான் ஒருமுறையேனும் போயிராத மலை வீதியில் நடக்கிறது. அவ்வூர்க்காரர்கள் தினமும் அதிலேதான் பயிற்சி எடுக்கிறார்கள். இது நியாயமா? அங்கே எப்படி ஓடுவது?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: நியாயத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. பிரான்சில் நடந்த ‘ட்ரான்ஸ் புரோவான்ஸ்’ என்ற பலநாள் மலைச் சைக்கிள் போட்டி, முன்பின் காணாத பாதையில் ஓடுவதையே திறமைக்கு உரைகல்லாக வைத்திருந்தது. டூர் டி பிரான்சின் 21 கட்டங்களையும் முழுமையாக ஓடிப் பார்த்துவிட்டு வருகிறவர் எவரும் இல்லை; வளைவும் ஏற்றமும் குறித்த கைநூலும், பின்னால் வரும் குழு வாகனத்திலிருந்து காதில் ஒலிக்கும் குரலுமே அவர்களுக்குத் துணை. ஆயினும் ஊர்க்காரருக்கு ஓர் அனுகூலம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். அது பெரும்பாலும் இறக்கத்திலேதான் வெளிப்படும்.

மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். மணிக்கு 54 என்பது 15 மீற்றர். கண் கண்டதைக் கை உணர்ந்து பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் ஆகிறதென்று வைத்துக்கொண்டால், உலர்ந்த சமதரையில் நன்றாகப் பிடித்தாலும் முதல் வேகத்தில் ஏறக்குறைய 20 மீற்றரும், மற்றதில் 37 மீற்றருக்கு மேலும் ஓடித்தான் சைக்கிள் நிற்கும். இறக்கத்தில் இத்தூரம் இன்னும் கூடும். ஆகவே தெரியாத வளைவில், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே உங்கள் வேகம். வளைவின் இரு கரைகளும் தொலைவில் ஒன்றுசேர்வதுபோலத் தோன்றும் இடத்தைக் கவனியுங்கள்: நீங்கள் நெருங்க நெருங்க அது விலகிச் சென்றால் வளைவு விரிகிறது, அசையாமல் நின்றால் இறுகுகிறது. மின்கம்ப வரிசையை மட்டும் நம்ப வேண்டாம். வீதி திரும்பிய பின்னரும் கம்பிகள் காட்டுக்குள் நேரே போய்விடுவதுண்டு. பிரேக் பிடிப்பதை வளைவுக்கு முன், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஊர்க்காரர் ஒருவர் முன்னால் போனால் அவரே உங்கள் வரைபடம். ஆனால் இறக்கத்தில் அவருடைய பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பயிற்சிக்கு வேறொரு யோசனை சொல்கிறேன். பழகிய வீதியில் கால் வலுக்கும், கண் பழகாது. வாரத்தில் ஒரு நாளேனும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குக் கடந்து, வெல்லாவெளிப் பக்கமோ கொக்கட்டிச்சோலைப் பக்கமோ நீங்கள் போயிராத கிளை வீதியொன்றில் ஓடுங்கள். மதகும், மாடும், வேளாண்மை வெட்டுக் காலத்தில் கரையோரம் காயப்போட்ட நெல்லும் திடீரென எதிர்ப்படும். (அந்த நெல்லில் சறுக்கி விழுந்த தழும்பு என் முழங்கையில் இன்னும் இருக்கிறது.) ஏற்றம் பழக வேண்டுமானால் செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் பிபிலையைத் தாண்டி லுணுகலைப் பக்கம் போக வேண்டும்.

இயலுமானால் போட்டிக்கு முதல்நாள் அந்த வீதியில் பஸ்ஸில் ஒருமுறை போய்வாருங்கள். முன்னிருக்கையில் இருந்து, எந்தக் கிலோமீற்றர் கல்லுக்குப் பிறகு ஏற்றம் தொடங்குகிறது, எந்தக் கல்லருகே கொண்டையூசி வளைவு வருகிறது என்பதை மட்டும் சிறு துண்டுத்தாளில் குறித்து, மறுநாள் கைபிடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.