கில் அடிப்பதற்கு முன்

பெங்களூரில் லினக்ஸ் பயன்படுத்தும் நம் நண்பர்கள் சிபியு பயன்பாடு ஏறுவது பற்றிக் கேட்டவையும் என் பதில்களும். கில் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை, அதாவது ப்ரோகிராமை, நிறுத்தும் கட்டளை.

அண்ணா, உபுண்டு போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. சும்மா இருக்கும்போதே ஃபேன் அலறுகிறது. எது ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையில் டிராக்கர் மைனர் என்று ஏதோ முதலில் நிற்கிறது. வைரஸா? (சிவாஜிநகர் மாணவர்)

இல்லை தம்பி. தேடினால் உடனே கிடைக்க வேண்டும் என்று உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் உங்கள் கோப்புகளைப் பட்டியல் போடுகிறது. பழைய டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டியிருப்பீர்கள். சார்ஜரில் போட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாளும் அடங்காவிட்டால், செட்டிங்ஸில் தேடல் பகுதிக்குப் போய், கொட்டிய அந்த ஃபோல்டரைத் தேடும் இடங்களின் பட்டியலிலிருந்து மட்டும் நீக்குங்கள். கேடிஈ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் இதே வேலையைச் செய்வது பாலூ.

டாப்பில் 380 சதவீதம் காட்டுகிறதே, 100க்கு மேல் எப்படி?

டாப் சிபியுவின் ஒவ்வொரு கோரையும், அதாவது தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியையும், 100 என்று எண்ணும். நான்கு கோர் என்றால் 400 வரை போகும். 1 என்ற எண்ணை அழுத்துங்கள், ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும்.

லோட் (வரிசையில் நிற்கும் வேலைகளின் சராசரி) 12, ஆனால் சிபியு 5 சதவீதம்கூட இல்லை. கட்டாயமாக நிறுத்தும் கில் 9 அடித்தும் ப்ராசஸ் சாகவில்லை. (அல்சூர்)

டாப்பில் எஸ் என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே டி என்ற எழுத்து இருந்தால், அந்த ப்ராசஸ் பெரும்பாலும் டிஸ்கின் பதிலுக்காகவோ நெட்வொர்க்கில் இணைத்த ஃபோல்டரின் பதிலுக்காகவோ காத்துக் கிடக்கிறது. லினக்ஸ் அதையும் லோட் கணக்கில் சேர்த்துவிடும். அந்தக் காத்திருப்பு முடியாமல் கில் 9 கூட அதற்கு எட்டாது. எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது, மவுஸ் மட்டும் நகர்ந்தது, எதைத் தொட்டாலும் அசைவில்லை. அரைமணி நேரம் ப்ராசஸோடு மல்லுக்கட்டிவிட்டு, சிஸ்டத்தின் உள் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைப் பார்த்தேன். வரிசையாக டிஸ்க் படிப்புப் பிழைகள். யூஎஸ்பி கேபிளைத் தொட்டேன், உள்ளே டிஸ்க் டக்கென்று நின்று மறுபடி சுழன்றது. பழுது கேபிளில்! டிமெசேஜைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கேஸ்வாப்டி0 சிபியுவைத் தின்கிறது. கில் அடிக்கலாமா?

வேண்டாம். ரேம் தீர்ந்துபோய், லினக்ஸின் மையமான கெர்னல் நினைவகப் பக்கங்களை டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பிரவுசர் டேப்களை மூடுங்கள். ஆனால் ஒன்று, ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் ஆக்ஸ் அடித்துப் பாருங்கள். உண்மையான கேஸ்வாப்டி ரூட் என்ற நிர்வாகி பெயரில், சதுர அடைப்புக்குள் இருக்கும். உங்கள் பயனர் பெயரில் ஓடினால் அது வேஷம் போட்ட கிரிப்டோ மைனராக, அதாவது உங்கள் கணினியில் திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் ஈட்டும் ப்ரோகிராமாக, இருக்கலாம். உடனே நெட்டைத் துண்டியுங்கள். அது எந்தக் கோப்பிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள், குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான க்ரான்டேபையும் பாருங்கள். கொன்றாலும் பெரும்பாலும் அங்கிருந்துதான் திரும்பி வரும். அப்புறம் வேறொரு கணினியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, இதில் சிஸ்டத்தைப் புதிதாகப் போடுங்கள்.

சார், ஏழு வருட லேப்டாப். எல்லாமே மெதுவாகத்தான் ஓடுகிறது, அடிப்பாகம் சுடுகிறது.

சென்சார்ஸ் கட்டளையில் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டுகிறதா பாருங்கள். சூடு ஏறினால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் சாதாரண வேலைகூட அதிக சதவீதம் காட்டும். எஸ்பி ரோட்டில் உள்ள கணினிக் கடை ஒன்றில் கொடுத்து ஃபேன் தூசியை எடுக்கச் சொல்லுங்கள். கையோடு சிபியுவின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்டும் மாற்றிவிடுங்கள்.