சிலிக்கான் மேல் உள்ள 100 நானோமீட்டர் ஆக்சைடு படலத்தின் தடிமனை எஸ்.இ.எம்.மில் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) அளக்கும்போது விளிம்பு ஏன் மங்கலாகத் தெரிகிறது?

பெரும்பாலும் காரணம் எலக்ட்ரான்களை முடுக்கும் மின்னழுத்தம்தான். 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான்கள் சிலிக்கானுக்குள் நான்கைந்து மைக்ரோமீட்டர் வரை புகுந்து பரவும். 100 நானோமீட்டர் படலம் அந்தப் பரவலில் கரைந்துபோகும். 2 கிலோவோல்ட்டுக்கு இறக்கினால் ஊடுருவல் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டராகச் சுருங்கும். வேலைத் தூரத்தை (லென்ஸுக்கும் மாதிரிக்கும் உள்ள இடைவெளி) 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் வைத்து, லென்ஸுக்குள்ளேயே அமைந்த இன்-லென்ஸ் டிடெக்டரைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது, படலத்தின் குறுக்குமுகம் தெரிய மாதிரியை உடைக்கும் வெட்டு. மேற்பரப்பு (100) படிகத் தளமாக உள்ள சிலிக்கான் வில்லை, அதாவது (100) வேஃபர் என்றால் ஓரத்தில் மட்டும் வைரமுனையால் சில மில்லிமீட்டர் கீறி, முதன்மை ஃபிளாட்டுக்கு (வில்லையின் ஓரத்தில் உள்ள நீண்ட நேர்வெட்டு) இணையாகவோ செங்குத்தாகவோ மெல்ல அழுத்துங்கள். படிகத் தளத்திலேயே நேராகப் பிளக்கும். முழு நீளத்துக்கும் கீறாதீர்கள், படலம் நொறுங்கி விளிம்பே பாழாகும். உடைத்த முகத்தைத் துடைக்கவும் கூடாது.

ஆக்சைடு மின்கடத்தாது, மின்னூட்டம் தேங்கினால் படம் நகரும், வெளுக்கும். சில்வர் பெயின்ட்டால் மேற்பரப்பை ஸ்டப்புடன் (மாதிரியைத் தாங்கும் உலோகத் தாங்கி) இணையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் 2, 3 நானோமீட்டர் பிளாட்டினம் பூசலாம். தங்கம் வேண்டாம் என்பேன்: அதன் துகள்களே பெரிய உருப்பெருக்கத்தில் படலத்தின் அமைப்பு போலத் தோன்றி ஏமாற்றும்.

ஒரே இடத்தை நெடுநேரம் ஸ்கேன் செய்தால் கார்பன் படிந்து கருஞ்சதுரம் விழும். பக்கத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு, புதிய இடத்தில் படமெடுங்கள். மாதிரி 10 டிகிரி சாய்ந்திருந்தால் தடிமன் 1.5 சதவீதம் குறைவாகவே காட்டும்.

படலம் 10 நானோமீட்டருக்கும் கீழே என்றால் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம், டி.இ.எம்.முக்குப் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) போய்விடுங்கள். அங்கே சிலிக்கானின் (111) படிகத் தளங்களுக்கு இடையேயான தூரமான 0.314 நானோமீட்டரே அளவுகோலாகும்.