போனிலிருந்து செய்தி மாற்றும் ஓடும் எல்இடி பலகையை வீட்டிலேயே செய்ய முடியுமா? அதில் தமிழ் வருமா?

முடியும், தமிழும் வரும். ஆனால் தமிழ் வேண்டும் என்றால் வேலையை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். கடை வாசலுக்கு மேல் பலகை, ஏணி போட்டு ஏறாமல் கீழே நின்று போனிலேயே செய்தியை மாற்ற வேண்டும், ஆர்டினோ ஊனோ என்ற, நிரல் போடக்கூடிய சின்னக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஆங்கிலம் ஓடுகிறது, தமிழ் எழுதினால் கிறுக்கல் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே கிறுக்கலில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருநெல்வேலி பக்கத்தில் என் சித்தப்பா மாவு மில் வைத்திருக்கிறார். மிளகாய் அரைத்த கையோடு அதே மிஷினில் கோதுமை போட்டால் சப்பாத்தி காரும். அதனால் மிளகாய்க்கு ஒரு நாள், தானியத்துக்கு மற்ற நாட்கள் என்று பிரித்து வைத்திருக்கிறார். நடுவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் பகல் முழுக்க கரண்ட் இருக்காது. சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைப்பார், மதியத்துக்குள் மாவுத்தூசி படிந்து மறைந்துவிடும். வெயிலில் தூக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த பாட்டிகள் திரும்பிப் போவதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. “ஏல, நீ கரண்டு படிச்சவன்தான, ரோட்டுல இருந்தே தெரியுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு” என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். மேக்ஸ் 7219 சில்லு வைத்த, நான்கு கட்டம் சேர்ந்த சிவப்பு மேட்ரிக்ஸ் இரண்டு. உயரம் 8 புள்ளி, அகலம் 64 புள்ளி. ஒரு மேக்ஸ் 7219 சில்லு 64 எல்இடியைப் பார்த்துக்கொள்ளும். செய்தி முதல் சில்லுக்குள் போய், அதிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாக நகரும். அதனால் எத்தனை கட்டம் சேர்த்தாலும் தரவு, கடிகாரம், தேர்வு என்று மூன்று சிக்னல் ஒயர் போதும். வைஃபைக்கு இஎஸ்பி 8266, ஊனோபோல நிரல் போடக்கூடிய, வைஃபை உள்ளேயே இருக்கும் சில்லு. இலவசமாகக் கிடைக்கும் எம்டி பரோலா நிரல் நூலகத்தைப் போட்டால் ஒரே மாலையில் ஆங்கிலம் ஓடிவிடும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியோ படுத்தோ வந்தால் பயப்படாதீர்கள். உங்கள் மாட்யூலின் வகையை நிரலில் தவறாகக் கொடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். சந்தையில் அதிகம் வருவது எஃப்சி 16 வகை.

ஆங்கிலத்தில் ஓடவிட்டு சித்தப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கிலீசுல யாருல வாசிப்பா? இங்க வாரவங்கள்ல பாதிப் பேரு தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்காவ” என்றார். அவர் சொன்னது சரி. வாசிக்கவேண்டியவருக்குப் புரியாத பலகையைத் தொங்கவிட்டு என்ன பயன்?

தமிழ் ஏன் கிறுக்கலாக வருகிறது என்பதைப் பார்ப்போம். ‘மிளகாய்’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் அது ம, இகரக் குறி, ள, க, துணைக்கால், ய, புள்ளி என்று ஏழு குறியீடு. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப் 8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21 பைட். ஆங்கிலத்துக்கு எழுதிய நூலகம் ஒரு பைட்டை ஒரு எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். அது 21 தனித்தனி எழுத்தைத் தேடினால் கிறுக்கல்தான் வரும்.

சரி, தமிழ்க் குறியீடுகளுக்கு நாமே புள்ளி வரைந்து எழுத்துரு செய்யலாம் என்று இறங்கினேன். அங்கேதான் அடுத்த சிக்கல். ‘அரவை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், மில்லுக்கு இதைவிட முக்கியமான சொல் கிடையாது. அதில் நினைவகத்தில் முதலில் வ இருக்கும், ஐகாரக் கொம்பு அதற்குப் பின்னால் இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். ‘கொ’ இன்னும் மோசம்: ஒரே குறியீடு, எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். உகர, ஊகார எழுத்துகளில் கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு ஒரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் வரைய வேண்டும். போனுக்குள் இதையெல்லாம் வரிசைப்படுத்திக் கோக்கவே தனி மென்பொருள் இருக்கிறது. அந்த வேலையை ஒரு சின்னச் சில்லுக்குள் நான் மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன்.

போதாததற்கு உயரம் 8 புள்ளிதான். மேலே மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு வரிசை, அதற்குக் கீழே ஒரு வரிசை இடைவெளி, அடியில் ர, ற, ழ ஆகியவற்றின் வாலுக்கு ஒன்றிரண்டு வரிசை. மிச்சமிருக்கும் நான்கைந்து வரிசைக்குள் மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் வேறுபட்டுத் தெரியவேண்டும். எவ்வளவு முயன்றும் தெரியவில்லை. தமிழுக்கு 16 வரிசைக்குக் குறைவாக எதையும் வாங்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வழி கிடைத்தது இப்படி. ஒரு நாள் ராத்திரி போனில் தமிழில் செய்தி அடித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் போன் தமிழை இவ்வளவு ஒழுங்காக வரைகிறதே, வரைவதை இதனிடமே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. பலகைக்கு மொழியே தெரியவேண்டாம். எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இஎஸ்பி சில்லு ஒரு சின்ன இணையப் பக்கத்தைப் போனுக்குக் கொடுக்கும். அதில் செய்தி எழுத ஒரு பெட்டி. அனுப்பு என்று அழுத்தியதும் போனில் உள்ள பிரவுசர் அந்த வாக்கியத்தை 16 புள்ளி உயரமான கேன்வாஸில், அதாவது நிரல் மூலம் படம் வரையும் பரப்பில், தன்னுடைய தமிழ் எழுத்துருவிலேயே வரையும். வரைந்த படத்தைப் பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நெடுவரிசை நெடுவரிசையாகப் படித்து, எரிவது 1, அணைவது 0 என்று மாற்றும். ஒரு நெடுவரிசைக்கு 16 புள்ளி, அதாவது இரண்டு பைட். “இன்று மிளகாய் அரவை மட்டும். கோதுமை, கம்பு நாளை காலை 8 மணி முதல்” என்ற செய்தி சுமார் 450 நெடுவரிசை வரும். மொத்தம் 900 பைட், ஒரு கிலோபைட்கூட இல்லை. பலகை அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு நெடுவரிசை தள்ளிக் காட்டிக்கொண்டே இருக்கும். தமிழ் மட்டுமில்லை, இந்தி, மலையாளம், ஓர் அம்புக்குறி, மிளகாய்ப் படம் எதுவும் ஓடும்.

இதில் இரண்டு விஷயத்தில் நேரம் செலவழியுங்கள். பிரவுசர் எழுத்தின் ஓரங்களை மழுப்பி வரையும். பாதி இருட்டுக்கு மேல் இருந்தால்தான் எரியும் என்று கணக்கு வைத்தால் மெல்லிய கோடுகள் காணாமல் போய்விடும். முழு இருட்டை 255 என்று வைத்தால், எல்லையை 90 அல்லது 100 என்று இறக்கி வைத்தபோது எனக்குச் சரியாக வந்தது. எழுத்தின் அளவு 13 அல்லது 14 பிக்சல். தடித்த எழுத்து வேண்டாம், சுழிகள் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது, அனுப்புவதற்கு முன்னால் புள்ளிகளைப் பெரிதாக்கி ஒரு கட்டத்தில் காட்டுங்கள், விரலால் தொட்டால் புள்ளி எரிந்து அணையும்படி செய்யுங்கள். ற்-இன் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் சித்தப்பா இப்போது தானே தொட்டுப் பிரித்துவிடுகிறார். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பலகைக்கு பி10 பேனல். கடை, மருத்துவமனை, கோயில் வாசலில் பார்க்கிற சிவப்புப் பலகைகளில் நிறைய இதுதான். இரண்டு புள்ளிக்கு நடுவே 10 மில்லிமீட்டர் இருப்பதால் அந்தப் பெயர். ஒரு பேனலில் 32க்கு 16 புள்ளி, அளவு 32க்கு 16 சென்டிமீட்டர். மூன்றைச் சேர்த்தேன், ஒரு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் குறைவு. சென்னையில் ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கும். ஒரே தடவையில் ஒரே லாட்டில் வாங்குங்கள், இல்லாவிட்டால் சிவப்பு பேனலுக்குப் பேனல் வித்தியாசமாகத் தெரியும். ஓட்டுவதற்கு இஎஸ்பி 8266க்குப் பதில் இஎஸ்பி 32 எடுத்தேன். பி10 எல்லா வரிசையையும் ஒரே நேரத்தில் எரிக்காது. நான்கில் ஒரு பங்கு வரிசைகளாக மாற்றி மாற்றி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிக்கும். இடையில் வைஃபை வேலை வந்து சில்லு தாமதித்தால் பலகை சிமிட்டும். இஎஸ்பி 32இல் இரண்டு கோர், அதாவது இரண்டு செயலிகள், இருப்பதால் ஒன்று வைஃபையையும் இன்னொன்று பலகையையும் பார்த்துக்கொள்ளும். டிஎம்டி 32 என்ற நூலகம் இதற்கென்றே இருக்கிறது. அதில் எழுத்துரு பக்கமே போகாமல் புள்ளி எரிக்கும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளையில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு சிவப்பு பேனல் முழுக்க எரிந்தால் 5 வோல்ட்டில் 4 ஆம்பியர் வரை இழுக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு 12. நான் 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், அதாவது 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பவர் சப்ளை, போட்டேன். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாகத் தடித்த ஒயர், இஎஸ்பியின் கிரவுண்டும் அதே கிரவுண்டில் சேர வேண்டும். பேனலுக்கான கரண்டை ஒருபோதும் இஎஸ்பி போர்டு வழியாகக் கொடுக்காதீர்கள். இஎஸ்பி தருவது 3.3 வோல்ட் சிக்னல், பேனல் எதிர்பார்ப்பது 5 வோல்ட். மேஜையில் நேரடியாகவே ஓடும். வாசலில் நீள ஒயரோடு மாட்டியதும் புள்ளிகள் தெறிக்கும். நடுவில் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74 ஹெச்சிடி 245 சில்லு ஒன்று போட்டால் தீர்ந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு பக்கம் 230 வோல்ட் என்பதை மறக்காமல் மூடி போட்டு, எர்த் கொடுத்து, அந்தப் பகுதியை மட்டுமாவது எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

போனோடு இணைப்பதற்கு புளூடூத் வேண்டாம் என்பது என் கருத்து. எல்லோரும் காட்டுகிற ஹெச்சி 05 மாட்யூல் ஆண்ட்ராய்டில் வேலை செய்யும், ஐபோன் அதோடு பேசாது. அதற்குத் தனி ஆப்பும் வேண்டும். வைஃபையில் இஎஸ்பியே ஒரு இணைப்பைத் திறந்துவிடும், பிரவுசரில் 192.168.4.1 என்று அடித்தால் பக்கம் வந்துவிடும், இன்டர்நெட் தேவையில்லை. இன்டர்நெட் இல்லை என்று போன் எச்சரித்து, தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். இணைப்பிலேயே இரு என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அதுவும் முடியாதவர் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அனுப்பலாம். கடவுச்சொல் கட்டாயம், எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. முதல் வாரம் கடவுச்சொல் இல்லாமல் விட்டபோது, எதிர்வீட்டுப் பையன் கிரிக்கெட் ஸ்கோரை ஓடவிட்டுவிட்டான்.

கரண்ட் போய் வந்தாலும் செய்தி இருக்க வேண்டும் என்றால் அதை இஎஸ்பியின் ஃபிளாஷில், அதாவது கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில், சேமிக்க வேண்டும். சேமிக்கும் அந்த நொடியில் பலகை உறைந்து, ஏதோ சில வரிசைகள் மட்டும் பளீரென்று எரியும். சேமிப்பதற்கு முன் பலகையை அணைத்து, முடிந்ததும் எரியவிடுங்கள்.

மில்லில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஏழரை ஹெச்பி மோட்டாரைப் போட்டதும் பழைய மேக்ஸ் 7219 பலகையில் ஒரு கட்டம் முழுக்க எரிந்து அப்படியே நின்றுவிடும். அந்தச் சில்லுக்குள் சோதனை நிலை என்று ஒன்று உண்டு, மின் இரைச்சலில் அது தானே போட்டுக்கொள்கிறது. மறுபடி அமைப்பு அனுப்பும்வரை மீளாது. பி10இல் அப்படி நினைவில் வைக்கும் சில்லு இல்லை. வந்த புள்ளிகளை வரிசையாக நகர்த்திக் காட்டும் வெறும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்தான், ஒரு கணம் கெட்டாலும் அடுத்த சுற்றில் சரியாகிவிடும். ஆனால் மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் இறங்கி இஎஸ்பி ரீஸ்டார்ட் ஆனது. பலகைக்குத் தனியாக லைன் எடுத்து, இஎஸ்பி பக்கத்தில் ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்ட பிறகு அதுவும் நின்றது. உங்கள் கடையில் பெரிய மோட்டார் இல்லையென்றால் இந்தப் பத்தி உங்களுக்குத் தேவைப்படாது.

வேகம் பற்றி ஒரு சொல். நமக்குச் செய்தி முன்பே தெரியும் என்பதால் வேகமாக ஓடினாலும் வாசித்துவிடுவோம். நான் ஒரு நெடுவரிசைக்கு 30 மில்லிசெகண்ட் வைத்திருந்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு அம்மா பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்து கேட்டார். 50க்கு மாற்றினேன். இப்போது ஓர் எழுத்து வலது ஓரத்தில் நுழைந்து இடது ஓரத்தில் மறைய ஐந்து நொடி ஆகிறது. சின்னச் செய்தி என்றால் ஓடவே விடாமல் நிறுத்தி வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது.

செய்யும் ஆசை இல்லை, பலகை மட்டும் போதும் என்றால் பி10க்கு வைஃபை கன்ட்ரோலர் கார்டுகள் தயாராகவே விற்கின்றன. அவற்றின் ஆப் எழுத்தைப் படமாக்கி அனுப்புகிற வகையா என்று மட்டும் கேட்டு, கடையிலேயே ‘அரவை’ போல, ‘கொண்டாட்டம்’ போல ஒரு சொல்லை ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

உங்களிடம் இருக்கும் ஊனோ வீணில்லை. பரவலாகக் கிடைக்கும் ஊனோ ஆர் 3 என்றால் அதில் வைஃபை கிடையாது, நினைவகம் 2 கிலோபைட்தான். ஆனால் அது 5 வோல்ட் சிக்னல் தருவதால் வாங்கிய பேனலில் எல்லாப் புள்ளியும் எரிகிறதா என்று சோதிக்கத் தோதானது. வாசலின் அகலத்தையும், எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்பதையும் கீழே எழுதுங்கள். எத்தனை பேனல், எவ்வளவு ஆம்பியர் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். போனில் ஓடும் அந்தப் பக்கத்தின் நிரலையும் வேண்டுமானால் தருகிறேன்.