அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் பையனின் கல்லூரிப் படிப்புக்கு இப்போதே என்ன திட்டமிட வேண்டும்?

திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இ-சேவையும் உண்டு. ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலை முடிகிற வரை ஜெராக்ஸ் மெஷின் சூடு ஆறாது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா, மாமா, சித்தப்பாக்களும்தான் கூட்டம். பதினோரு வருடமாக இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறேன். என் மகளும் அரசுப் பள்ளியில் படித்து இப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில், பையனை இப்போதே ஃபவுண்டேஷன் கோர்ஸில் (நீட், ஜேஇஇ நுழைவுத்தேர்வுகளுக்கு முன்கூட்டியே தரும் கோச்சிங்) சேர்க்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். பையனே ஆசைப்பட்டுக் கேட்டால் அது வேறு கதை. ஒன்பதாவதில் கணக்கு பயமில்லாமல் வர வேண்டும், இங்கிலீஷில் ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையில் பணம் இருந்தால் ஒரு நல்ல கணக்கு டியூஷன் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பையனை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

போன வருடம் மே மாதம் ஒரு கொத்தனார் மகளோடு வந்தார். இன்ஜினியரிங் கட்ஆஃப் 200க்கு 181. பத்தாவது வரை எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி. பத்தாவதில் நல்ல மார்க் வந்ததும், கடன் வாங்கி ஒரு தனியார் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறார். பொறியியல் விண்ணப்பத்தில் 6 முதல் 12 வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்று நிரப்ப வேண்டும். பதினொன்றாம் வகுப்பு வரிசைக்கு வந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். "பத்து வரைக்கும் கவர்மென்ட்தானே சார், அத வச்சுப் போட முடியாதா?" என்றார். முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021லும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். ஆனால் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது, அந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்தப் பெண் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கட்டிய பணமும் போய், இனி நாலு வருடம் கட்ட வேண்டிய பணமும் தலையில் விழுந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டமும் இல்லை. (உங்கள் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், அதே ஆயிரம் ரூபாய்.) பள்ளியை மாற்றச் சொன்னவர்கள் யாரும் அன்று கடைக்கு வரவில்லை.

அடுத்தது குரூப். பத்தாவது ரிசல்ட் வந்து ஒரு வாரத்துக்குள், பள்ளி ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்கும்போது முடிவாகிற விஷயம் இது. முன்னால் நிற்பவன் என்ன எடுத்தானோ அதுவே இவனுக்கும். நாலு வருடத் திட்டம் என்று ஒன்று இருந்தால், அது அந்த ஒரு நாளுக்குத் தயாராவதுதான் என்பேன். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் இன்ஜினியரிங், மெடிக்கல், விவசாயம், கலை அறிவியல் எதற்கும் போகலாம், ஆனால் சுமை அதிகம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் நீட் பாதை அடைபடும். தாவரவியல், விலங்கியல் குரூப்பில் கணக்கு இல்லை, அதனால் இன்ஜினியரிங் வாய்ப்பு போய்விடும். காமர்ஸ் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. சிஏ, பேங்க், சட்டம் என்று நல்ல வழிகள் எல்லாம் அங்கிருந்தும் போகின்றன.

கணக்கு சுத்தமாக வராத பிள்ளையை 'எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும்' என்று பயோ-மேத்ஸில் தள்ளவும் வேண்டாம். பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனால் மூன்று வருட டிப்ளமோ, அப்புறம் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அப்படிப் போய் இப்போது ஒரகடத்தில் நல்ல வேலையில் இருக்கிறார்கள்.

பையன் எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமல் எடுத்துப் படிக்கிறான் என்று இந்த இரண்டு வருடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். அது போதும், கேட்டுக் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

பிளஸ் ஒன் பற்றி. 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு அது நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு நேரே பிளஸ் டூ பாடத்துக்குப் போகிற பழைய வழக்கம் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மெடிக்கலுக்கான நீட், ஐஐடி, என்ஐடிக்கான ஜேஇஇ இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் கிட்டத்தட்ட பாதி. இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்குக்கும் அதுதான் அடித்தளம். என் மகளின் வகுப்பில் முதல் செமஸ்டரில் அரியர் வைத்தவர்களில் பலர் நுண்கணிதத்தில் மாட்டியவர்கள்.

இன்ஜினியரிங் கட்ஆஃப் கணக்கு தெரியாமலேயே பிளஸ் டூ முடிப்பவர்கள் நிறைய. கணக்கு மார்க் அப்படியே நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 92, 40, 42 சேர்த்து 174. ஆக, கணக்கில் போகும் ஒரு மார்க் மற்றதில் போகும் இரண்டு மார்க்குக்குச் சமம். தமிழும் இங்கிலீஷும் கட்ஆஃபில் வராது. அதற்காகப் படிக்காமல் விட்டு, தமிழில் ஃபெயிலாகி வந்து நின்ற பையனையும் பார்த்திருக்கிறேன்.

தேதிகள்தான் கடையில் அதிகம் கண்ணீர் வரவழைப்பவை. மே மாதம் ரிசல்ட் வந்ததும்தான் எல்லாம் ஆரம்பிக்கும் என்று நினைக்கிறார்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு பிளஸ் டூ நடக்கும்போதே டிசம்பரில் முடிந்துவிடுகிறது. ஜேஇஇ மெயின் முதல் தேர்வு ஜனவரியில், விண்ணப்பம் தீபாவளியை ஒட்டி. காமர்ஸில் நல்ல மார்க் வாங்கிய ஒரு பெண் மே மாதம் வந்து "அண்ணா, கிளாட் போடணும்" என்றாள். தேர்வு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நல்லவேளை, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். அங்கே விண்ணப்பித்தாள். ஆகவே பிளஸ் டூ ஆரம்பித்த ஜூனிலேயே ஒரு காலண்டரில் இவற்றை எழுதி அடுக்களைச் சுவரில் மாட்டிவிடுங்கள். தேதி வருடா வருடம் கொஞ்சம் நகரும், அதனால் மாதத்தை எழுதினால் போதும்.

இதற்கு முன்னால் உதவித்தொகைக்கான சில தேர்வுகள் உண்டு. நீங்கள் கிராமப்புறம் என்றால் ஒன்பதாவதிலேயே ஊரகத் திறனாய்வுத் தேர்வு எழுதலாம். பிளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, தேர்வானால் மாதம் 1,500 ரூபாய் இரண்டு வருடத்துக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் பிளஸ் ஒன்னில்தான். 1,000 பேருக்கு வருடம் 10,000 ரூபாய் வீதம் டிகிரி முடிக்கும் வரை வரும். கேள்விகள் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களிலிருந்து. இப்போது படிக்கிற புத்தகங்களைப் பழைய கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இனி என் வீட்டுக் கதை. ஊருக்கெல்லாம் பார்த்துக் கொடுக்கிறவன், மகளுக்குப் பார்க்கவில்லை. ஆதாரில் அவள் பெயருக்குப் பின்னால் என் முழுப்பெயர். பத்தாவது மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல், போதாததற்கு நடுவில் ஒரு 'எச்' கூடுதல். ஜேஇஇ விண்ணப்பம் போட உட்கார்ந்த ராத்திரிதான் கண்ணில் பட்டது. அப்புறம் ஆதாரைத் திருத்த இரண்டு வாரம் அலைந்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பத்தாவது பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் நாமினல் ரோலில் (தேர்வு எழுதுகிறவர்களின் விவரப் பட்டியல்) கையெழுத்து வாங்குவார்கள். அன்று பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மார்க் ஷீட் அச்சாகி வந்த பிறகு திருத்துவது பெரிய வேலை.

சான்றிதழ்களில் சாதிச் சான்று இப்போதே எடுக்கலாம். முதல் பட்டதாரிச் சான்று, குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி படிக்கிற பிள்ளைக்குக் கட்டணச் சலுகை தருவது. அதற்கு அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்ன படித்தார்கள் என்பதற்குக் காகிதம் கேட்பார்கள். பழைய டிசி எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று இப்போதே தேடி வையுங்கள். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை. ஐஐடி, என்ஐடி யோசனை இருந்தால், பிசி, எம்பிசி பிள்ளைகளுக்கு மத்திய அரசு வடிவத்தில் தனி ஓபிசி சான்று வேண்டும், நம் சாதிச் சான்று மட்டும் அங்கே செல்லாது. அதை ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக எடுக்கச் சொல்வார்கள்.

பத்தாவது லீவில் பையனை ஏதாவது ஒரு கல்லூரிக்கு, வேலை நாளில், பஸ்ஸில் கூட்டிப்போங்கள். விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம், வாசலில் டீ குடிக்கும் மூன்றாம் வருடப் பையன்களிடம் கேட்டால் லேப் எப்படி, வாத்தியார் யார் என்று கொட்டிவிடுவார்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, பிளஸ் டூ வரும்போது அதையும் பாருங்கள்.

சாதிச் சான்றுக்கு மே மாதம் வராதீர்கள். சர்வர் படுத்துவிடும், விஏஓவும் கிடைக்க மாட்டார். செப்டம்பர், அக்டோபரில் ஒரு செவ்வாய், புதன் காலை பத்தரைக்குப் போனால் அரை மணியில் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கட்டணம் அறுபது ரூபாய்தான்.